பாதி எழுந்தவர்கள்

போன மாதம் தினேஷ் வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். நான் ஓய்வு பெற்ற ஆம்பூர் காலணித் தொழிற்சாலையில் இப்போது மனிதவளப் பிரிவைப் பார்ப்பவர். மரியாதை தெரிந்தவர். கொடுத்த தண்ணீரைத் தொடாமலே மடிக்கணினியைத் திறந்தார். 'அனைவரையும் உள்ளடக்கும் பணியிடம்' என்று பெரிய தலைப்பு. கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். அவற்றில் ஒன்றுகூட எங்கள் தொழிற்சாலையைச் சேர்ந்ததில்லை.

விஷயம் இதுதான். தையல் பிரிவில் மூன்றாம் லைன் காது கேளாதவர்களின் லைன். அதைக் கலைத்து, லைனுக்கு ஒருவர் இருவராகப் பிரித்து உட்கார வைக்கப்போகிறார்கள். தனி லைன் என்பது ஒதுக்கி வைப்பது போலத் தெரிகிறது என்று, சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்களின் ஆலோசகர் ஒருவர் சொல்லிவிட்டாராம்.

"நீங்கதான மேடம் அந்த லைன ஆரம்பிச்சது? நல்ல ஸ்டோரியா ஒண்ணு சொன்னீங்கன்னா மொதல் ஸ்லைடுல போட்டுடுவேன். அப்புறம் பிரிக்கறதப் பத்திச் சொல்லிக்கலாம்."

முதலில் புகழ்ந்துவிட்டுப் பிறகு அனுப்பி வைக்கும் முறையை நான் பணி ஓய்வு விழாக்களில் பார்த்திருக்கிறேன். என்னுடைய விழாவிலும் பார்த்தேன்.

ஸ்டோரி இல்லை, நடந்ததைச் சொல்கிறேன் என்றேன். அன்று அவரிடம் சொன்னதைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். அவருடையதைப் போன்ற நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவலாம்.

நான் நல அலுவலராக இருந்தவள். சமூகப் பணியில் முதுகலை, தொழிலாளர் சட்டத்தில் ஒரு பட்டயம், மேல்விஷாரத்தில் ஒரு தோல் பதனிடும் ஆலையில் சில வருடங்கள், பிறகு ஓய்வு பெறும்வரை ஆம்பூர். என் படிப்பும் பயிற்சியும் இந்த ஒரு வரிக்குள் அடங்கும். பெரிய தொழிற்சாலைகள் நல அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தீயணைக்கும் மணல் வாளி வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இரண்டையும் ஆய்வாளர் வரும் நாளில் துடைத்து வைப்பார்கள்.

காது கேளாத பெண்களையும் பையன்களையும் நாங்கள் வேலைக்கு எடுத்ததில் பெரிய லட்சியம் எதுவும் இல்லை. தையலுக்கு ஆள் கிடைக்கவில்லை, அவர்கள் கிடைத்தார்கள். கண்ணும் கையும் கூர்மையானவர்கள், ஒரே மாதத்தில் அப்பர் தைக்கப் பழகிவிட்டார்கள். அப்பர் என்றால் ஷூவின் மேல்பகுதி. அப்போதும் லைனுக்கு ஒருவராகத்தான் உட்கார வைத்தோம். சேர்த்து உட்கார வைத்தால் கையாலேயே பேசிக்கொண்டிருப்பார்கள், கை மெஷினில் இருக்காது என்று மேற்பார்வையாளர்கள் சொன்னார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

ஆனால் ஒவ்வொருவராக வேலையை விட்டுப் போனார்கள். ராஜினாமாக் கடிதத்தில் எல்லோரும் சொந்தக் காரணம் என்றே எழுதியிருந்தார்கள். நேரில் கேட்டால் சிரிப்பார்கள், கும்பிடுவார்கள், கேட்டைத் தாண்டிவிடுவார்கள்.

அப்படிக் கடிதம் கொண்டுவந்தவள்தான் ரேவதி. பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு கிராமம். எங்கள் தொழிற்சாலை அவளுக்கு மூன்றாவது. இந்த முறை நான் கும்பிட்டு அனுப்பிவிடவில்லை. இரண்டாம் லைனில் தைத்துக்கொண்டிருந்த ஜெயசீலியைக் கூப்பிட்டு அனுப்பினேன். ஜெயசீலிக்குக் காது கேட்கும். தம்பிக்குக் கேட்காது. அதனால் சைகை அவள் வீட்டுப் பேச்சு.

ரேவதியின் கைகள் கொஞ்ச நேரம் ஓடின. ஜெயசீலி என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "காலைல எட்டு மணிக்கு உள்ள வந்தா சாயங்காலம் வரைக்கும் பேச ஆளே இல்லையாம் மேடம். சோறு துன்றப்பகூட எல்லாரும் வாயப் பார்த்துச் சிரிக்கறாங்களாம், இன்னான்னு கேட்டா ஒண்ணுமில்லன்னு கைய ஆட்டறாங்களாம். ரெண்டு கம்பெனில இதேதான். இங்கயும் இதேதான்னு சொல்றா."

பொது மேலாளர் அன்வர் சாரிடம் போனேன். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. யாருக்கும் முடியாது என்று சொன்னதும் இல்லை. மேசையில் எப்போதும் தைத்த அப்பர் ஒன்று கிடக்கும். நாம் பேச ஆரம்பித்ததும் அதை எடுத்து வளைப்பார், தையலை நகத்தால் தடவுவார், முகர்ந்து பார்ப்பார். அப்பர் அவர் கையில் இருக்கும்வரை நமக்கு நம்பிக்கை உண்டு. அதை மேசையில் வைத்துவிட்டு "பார்ப்போம்" என்றால் விஷயம் அடக்கமாகிவிட்டது என்று பொருள்.

"எல்லாரையும் ஒண்ணா உக்கார வெச்சா பேசிக்கினே இருப்பாங்களே மேடம்?"

"காது கேக்கறவங்க பேசலையா சார்?"

"அவங்க வாயால பேசறாங்க. கை வேல பாக்குது."

"இவங்க கை பேசறப்ப வேல நிக்கும். பேச்சு முடிஞ்சா மறுபடி ஓடும். இப்ப வேலைய விட்டே போய்டறாங்க சார்."

அப்பரை வளைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அதைக் கையில் வைத்தபடியே, "ஒரு லைன் குடுக்கறேன். ஷிப்மென்ட் ஒண்ணு தவறினா லைன் இல்ல" என்றார்.

மூன்றாம் லைன் அப்படித்தான் வந்தது. ஷிப்மென்ட் தவறவில்லை. நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது: பக்கத்து இரண்டாம் லைன் பெண்களும் சைகை கற்றுக்கொண்டார்கள். பரிவு காரணமில்லை. தையல் மெஷின்கள் எல்லாம் ஓடும்போது அந்தக் கூடத்தில் யாருக்குமே காது கேட்காது. அங்கிருந்து இங்கே ஒரு வம்பு வந்து சேர சைகைதான் சௌகரியம். யாருக்குக் கல்யாணம் நிச்சயமானது, எந்த மேற்பார்வையாளர் யாரைப் பார்த்து வழிகிறார் என்பதெல்லாம் எந்தச் சத்தமும் இல்லாமல் கூடத்தைக் கடக்கும். எங்கள் எல்லோருக்கும் சைகைப் பெயர் வைத்தார்கள். அன்வர் சாருக்கு, இரண்டு கையாலும் எதையோ வளைத்து மூக்கருகே கொண்டுபோவது. எனக்கு, உள்ளங்கையில் முத்திரை குத்துவது. நான் கோபித்துக்கொள்ளவில்லை. சரியாகத்தான் வைத்திருந்தார்கள்.

அடுத்து வந்தது தீ விபத்துப் பயிற்சி. பசையும் தோலும் குவிந்திருக்கும் இடத்தில் அது விளையாட்டில்லை. மணி அடித்தால் மூன்றாம் லைனுக்குக் கேட்காது. தனியாகச் சிவப்பு விளக்கு வேண்டும் என்று கேட்டேன். "ட்யூப் லைட்டு இருக்குதே மேடம்" என்றார் அன்வர் சார், அப்பரை மேசையில் வைத்தபடி. ஆகவே லைனுக்கு மேலே இருக்கும் விளக்குகளையே மூன்று முறை அணைத்துப் போடுவது என்று முடிவாயிற்று. விளக்கு மூன்று முறை அணைந்தால் எழுந்து நில், பக்கத்தில் இருப்பவரின் தோளைத் தொடு, வரிசையாக வெளியே போ. வாட்ச்மேன் முனுசாமி கதவின் இரண்டு பக்கமும் திறந்து பிடிக்க வேண்டும். சைக்கிள் ஸ்டாண்ட் அருகே கூட வேண்டும். பாதுகாப்பு அலுவலரோ, அவர் இல்லாதபோது நானோ கை காட்டும்வரை யாரும் உள்ளே திரும்பக் கூடாது. மூன்றாம் லைன் இதைப் பிழையின்றிச் செய்தது. காது கேட்பவர்கள் மணி அடித்த பிறகு செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

இந்த ஏற்பாடு பிரபாகர் வரும்வரை ஒழுங்காக ஓடியது.

பிரபாகர் புதிதாக வந்த உற்பத்தி மேலாளர். சுறுசுறுப்பானவர். கெட்டவர் என்று சொல்லி இதைச் சுலபமாக்க எனக்கு விருப்பமில்லை. மூன்றாம் லைனைக் கூப்பிட வேண்டுமென்றால் ஒவ்வொருவரிடமும் நடந்துபோக வேண்டும்; அதற்கு அவருக்குப் பொறுமை இல்லை. தூணில் இருந்த ஸ்விட்சைக் கண்டுபிடித்தார். ஒரு முறை அணைத்துப் போட்டால் எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. அதற்குப் பிறகு நூல் தீர்ந்தாலும் ஸ்விட்ச், வேகம் குறைந்தாலும் ஸ்விட்ச். ஜெயசீலி போய்ச் சொன்னாள். "மூணு தடவ போட்டாத்தான ஃபயரு? நான் ஒரு தடவதான போடறேன்" என்றார். நானும் போய்ச் சொன்னேன். என்னிடம் ஆங்கிலத்தில் அதையே சொன்னார். அன்வர் சாரிடம் போனேன். அப்பர் மேசைக்குப் போனது.

ஒரு ஷிப்மென்ட் நாள். முற்றத்தில் கன்டெய்னர் லாரி நின்றிருந்தது. மாலையில் ஒரு தொகுதி அப்பரில் லைனிங் நூல் நிறம் மாறியிருப்பதைத் தரப் பரிசோதகர் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார். தவறு மூன்றாம் லைனுடையதில்லை. நூல் கொடுத்த ஸ்டோருடையது. பிரபாகர் தூணுக்குப் போய் ஸ்விட்சைத் தட்டினார். எத்தனை முறை என்பதில்தான் பின்னால் எல்லாச் சண்டையும். ஒரு முறைதான் என்றார் அவர். நாலு முறை என்றாள் ஜெயசீலி. கோபத்தில் இருக்கும் கை எண்ணிப் பார்த்துத் தட்டுவதில்லை.

ரேவதி எழுந்தாள். பக்கத்துத் தோளைத் தொட்டாள். மூன்றாம் லைன் எழுந்தது, இரண்டாம் லைன் எழுந்தது, கூடம் முழுவதும் எழுந்தது. முனுசாமி கதவை விரியத் திறந்து பிடித்தார். தள்ளுமுள்ளு இல்லை, ஓட்டம் இல்லை. கொஞ்ச நேரத்தில் தையல் பிரிவு மொத்தமும் சைக்கிள் ஸ்டாண்ட் அருகே வரிசையில் நின்றது. பார்வையாளர் யாராவது வந்திருந்தால் கைதட்டியிருப்பார்.

பாதுகாப்பு அலுவலர் அன்று ராணிப்பேட்டையில் ஒரு கூட்டத்தில் இருந்தார். நான் ஒரு தொழிலாளியுடன் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில். ஆகவே உள்ளே போகலாம் என்று கை காட்ட யாரும் இல்லை. உள்ளே போகச் சொல்லி பிரபாகர் திரும்பத் திரும்பக் கத்தினார். அவர் வாய் அசைவதை மூன்றாம் லைன் பார்த்தது, மற்றவர்கள் மூன்றாம் லைனைப் பார்த்தார்கள். நகரவில்லை. நான் ஆட்டோவில் வந்து இறங்கிக் கை காட்டியதும் உள்ளே போனார்கள். லாரி துறைமுகத்துக்குப் போக வேண்டிய நேரம் அதற்குள் போய்விட்டது.

மறுநாள் காலையில் ரேவதிக்குத் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு. சட்டவிரோத வேலை நிறுத்தத்தைத் தூண்டியதாகக் குற்றச்சாட்டு. முதலில் எழுந்தவள் அவள். அன்வர் சார் என்னை அழைத்தார். அவர் கையில் அப்பர் இல்லை.

"விசாரணைக்கு வேலூர்லேர்ந்து வக்கீல் வர்றாரு. கம்பெனி தரப்ப நீங்க எடுத்துச் சொல்லுங்க."

"முடியாது சார். நல அலுவலர் விதிகள்ல இருக்கு. தொழிலாளிக்கு எதிரா எந்த ஒழுங்கு நடவடிக்கையிலயும் நான் கலந்துக்கக் கூடாது."

"நான் சொன்னாக்கூடவா?"

"நீங்க சொன்னா நான் ஒத்துக்கக் கூடாதுன்னுதான் சார் அந்த விதியே எழுதினாங்க."

"அப்ப நீங்க எந்தப் பக்கம்?"

"விதிப் பக்கம்."

"தப்புன்னு ஆச்சுன்னா அந்தப் பொண்ணு வெளிய. லைனும் கலைஞ்சுடும். ஷிப்மென்ட் தவறினா லைன் இல்லன்னுதானே பேச்சு."

பேச்சு அதுதான். நான் மறுக்கவில்லை.

கேட்டுக்கு வெளியே டீக்கடை ஓரத்தில் ரேவதி நின்றிருந்தாள். ஜெயசீலியும் கூட. வேறு கம்பெனிக்குச் சிபாரிசு எழுதித் தரட்டுமா என்று கேட்டேன், நிலைமை கைமீறினால் என்ற எண்ணத்தில். ரேவதி தலையை ஆட்டிவிட்டுக் கையால் ஏதோ சொன்னாள்.

ஜெயசீலி சொன்னாள்: "தையல் வேல எங்கயும் கெடைக்குமாம் மேடம். பேச ஆளு எங்க கெடைக்கும்னு கேக்கறா."

விசாரணை மாடியில் இருந்த சாம்பிள் அறையில் நடந்தது. சுவர் முழுக்க ஷூக்கள். விசாரணை அதிகாரியான வக்கீல் நடுவில். ஓரத்தில் தட்டச்சுக்காரர். கம்பெனி தரப்பை எடுத்துச் சொல்ல, வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ்காரர் ஒருவர். பிரபாகர் சாட்சி. ரேவதிக்கு உதவ அவள் தேர்ந்தெடுத்த சக தொழிலாளி ஜெயசீலி. ஜெயசீலியையே மொழிபெயர்க்கவும் வைத்துவிடலாம் என்றார் வக்கீல். ஒரே ஆள் வாதிடவும் மொழிபெயர்க்கவும் கூடாது என்று நான் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தேன். அதனால் காது கேளாதோர் பள்ளி ஆசிரியை ஒருவர் வந்திருந்தார். ரேவதி தரப்புச் சாட்சியாக நான். கதவருகே, கூப்பிட்டால் ஆட்களை அழைத்துவர முனுசாமி.

முதலில் குற்றச்சாட்டைப் படித்துக் காட்ட வேண்டும். வக்கீல் படித்தார். டீச்சர் கையைத் தூக்கிவிட்டு நிறுத்தினார்.

"தூண்டினார்னு இருக்கு. யாரத் தூண்டினாங்க, எப்படித் தூண்டினாங்கன்னு தெரிஞ்சாத்தான் சார் நான் காட்ட முடியும். கையால இழுத்தாங்களா, கண்ணக் காட்டினாங்களா?"

"பொதுவாச் சொல்லுங்க."

"பொதுவாக் காட்டினா அவங்களுக்கு ஒண்ணும் புரியாது சார்."

இத்தனை வருடத்தில் எவ்வளவோ குற்றச்சாட்டுகளைப் படித்தவர் வக்கீல். இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. கடைசியில் குற்றச்சாட்டு 'நீ எழுந்தாய், அதனால் மற்றவர்கள் எழுந்தார்கள்' என்று சுருங்கியது. அது உண்மைதானே என்பது போல ரேவதி தலையசைத்தாள். ஒப்புக்கொண்டதாக எழுதலாமா என்று தட்டச்சுக்காரர் நிமிர்ந்தார். "காரணத்தையும் கேளுங்க சார்" என்றாள் ஜெயசீலி.

பிரபாகர் சாட்சி சொன்னார். விளக்கை ஒரு முறைதான் அணைத்துப் போட்டேன், அதுவும் அன்று மட்டும், அவசரத்துக்கு. இவர்கள் அதைச் சாக்காக வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி எழுந்தால் எல்லோரும் எழுவது ஏற்கெனவே பேசிவைத்தது. யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும், எல்லோரும் கூட்டு.

அடுத்து ரேவதி. அவள் கைகள் ஓட, டீச்சர் சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் ஒரு சைகை திரும்பத் திரும்ப வந்தது. முஷ்டியை மேலே தூக்கி, விரல்களை விரித்து மூடுவது. டீச்சர் தயங்கினார். "இது இன்னான்னு தெரியல. ஒரு ஆளோட பேரு போல இருக்கு."

"பிரபாகர் சார்" என்றாள் ஜெயசீலி. "லைட்டப் போட்டு அணைக்கறவருன்னு அர்த்தம். அவரு வந்த மொதல் வாரமே வெச்ச பேரு சார்."

வக்கீல் எழுதுவதை நிறுத்தினார். "அன்னிக்கு மட்டும்தான் போட்டேன்னாரே?"

பிரபாகரின் கழுத்து சிவந்தது. ஆனால் அவர் படித்தவர், சட்டென்று திரும்பிக் கேட்டார்: "சரி சார், முன்னாடியும் போட்டிருக்கேன்னே வெச்சுக்கங்க. அப்பல்லாம் ஏன் எழுந்து போகல? அன்னிக்கு மட்டும் ஏன்? ஷிப்மென்ட் அன்னிக்கு மட்டும்?"

நல்ல கேள்வி. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். இதற்கு ரேவதி என்ன சொல்வாள் என்று எனக்கே தெரியாது. ஜெயசீலி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த ஷூக்களைப் பார்த்தேன்.

ரேவதி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் மடங்கியபடி, இடது பக்கம் தலையைத் திருப்பினாள். பிறகு உட்கார்ந்தாள். மறுபடி பாதி எழுந்தாள், திரும்பினாள், உட்கார்ந்தாள். பிறகுதான் கைகள் பேசின.

டீச்சரின் குரல் இறங்கிவிட்டது. "ஒவ்வொரு தடவ லைட்டு அணையறப்பவும் இப்படித்தான் எழறேன்னு சொல்றாங்க. ஒரு தடவ அணையுதா, மூணு தடவையான்னு பாக்கற வரைக்கும் உக்கார முடியாது. எழுந்து ரெண்டாம் லைனப் பாப்பாங்களாம். அவங்களுக்குக் காது கேக்கும். தீன்னா மணி அடிக்கும், யாராவது கத்துவாங்க. அவங்க உக்காந்திருந்தா இவங்களும் உக்காந்துடுவாங்க. தெனமும் இப்படித்தானாம். அன்னிக்கு எழுந்து பாத்தப்ப ரெண்டாம் லைனும் எழுந்திருந்தாங்களாம்."

"ரெண்டாம் லைன் ஏன் எழுந்தது?" என்றார் வக்கீல்.

ஜெயசீலிதான் பதில் சொன்னாள், கொஞ்சம் வெட்கத்தோடு. "மெஷின் சத்தத்துல எங்களுக்கு மணி எங்க சார் கேக்குது? லைட்டு விஷயம் இவங்களுக்குத்தான் தெரியும்னு நாங்க இவங்களப் பாப்போம். அன்னிக்கு லைட்டு நிக்காம அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சுது, ரேவதி எழுந்ததப் பாத்து நான் எழுந்தேன்."

அவள் இவளைப் பார்த்தாள், இவள் அவளைப் பார்த்தாள். மற்றவளுக்குத் தெரியும் என்று இரண்டு பேரும் நம்பினார்கள். வேறு எந்தத் தொழிற்சாலையிலும் இந்தத் தவறு நடந்திருக்காது. அங்கே யாரும் பக்கத்து லைனை அவ்வளவு நம்ப மாட்டார்கள்.

"கதை நல்லா இருக்குது" என்றார் பிரபாகர். "சொல்லிக் குடுத்திருக்காங்க."

அந்த நேரத்தில் அன்வர் சார் உள்ளே வந்தார். விசாரணை நடக்கும்போது நிர்வாகத் தலைவர் அறைக்குள் வரக் கூடாது. ஆட்சேபிக்கலாமா என்று ஜெயசீலி கண்ணாலேயே கேட்டாள். வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னேன். அவருக்குப் பின்னாலேயே டீயும் வந்ததால் வக்கீல் விசாரணையை நிறுத்தி வைத்தார். தட்டச்சுக்காரர் விரல்களைச் சொடுக்கிக்கொண்டார். வக்கீல் ரேவதியின் விளக்கத்தை அன்வர் சாரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். இதை எப்படி நிரூபிப்பது என்பது போலக் கையை விரித்தார்.

அன்வர் சார் சுவரிலிருந்து ஒரு சாம்பிளை எடுத்தார். வளைத்தார். அறையைச் சுற்றி மெல்ல நடந்து கதவருகே போய் நின்றார். அது ரேவதியின் முதுகுப்புறம். அவள் டீயை ஊதிக்கொண்டிருந்தாள். டீச்சர் தட்டச்சுக்காரரிடம் பஸ் நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

விளக்கு அணைந்து எரிந்தது. ஒரே ஒரு முறை.

ரேவதியின் டம்ளர் கவிழ்ந்தது. அவள் பாதி எழுந்து, இடது பக்கம் திரும்பி, ஜெயசீலியைப் பார்த்தாள். ஜெயசீலியும் பாதி எழுந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவருகே முனுசாமி இரண்டு கதவையும் விரியத் திறந்து முதுகால் தாங்கிப் பிடித்திருந்தார். அப்புறம்தான் நான் கவனித்தேன்: என் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது, நாற்காலி எனக்குப் பின்னால் தள்ளிப் போயிருந்தது.

வக்கீலும் பிரபாகரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மேசையில் டீ ஓடிக் குற்றச்சாட்டுத் தாளை நனைத்தது. பிரபாகர் தன் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். ஸ்விட்சில் கை வைத்திருந்தது அன்வர் சார்தான் என்பதை அவர் அப்போதுதான் பார்த்தார்.

"வக்கீல் சார், இத எழுதிக்குங்க" என்றார் அன்வர் சார்.

"டீ டைம் சார். ரெக்கார்டுல வராது."

"அப்ப டீயையும் எழுதிக்குங்க."

வக்கீல் என்னைப் பார்த்தார். இதற்கு விதி இருக்கிறதா என்று கேட்கும் பார்வை. "மீண்டும் தொடங்கியதாகப் பதிவு செஞ்சுட்டு எழுதலாம் சார்" என்றேன். உட்கார மறந்திருந்தேன்.

தட்டச்சு ஓடியது. விளக்கு ஒரு முறை அணைக்கப்பட்டபோது அறையில் இருந்தவர்களில் இன்னின்னார் இருக்கையிலிருந்து பாதி எழுந்தனர், வாட்ச்மேன் கதவைத் திறந்தார் என்று வக்கீல் சொல்லச் சொல்ல, என் பெயரும் ஏறியது. டீச்சர் அதை வரி வரியாக ரேவதிக்குக் காட்டினார். என் பெயர் வந்த இடத்தில் ஜெயசீலி குறுக்கிட்டு உள்ளங்கையில் முத்திரை குத்திக் காட்டியபோது ரேவதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அதுவரை அவளுக்கு ஆபீஸ் மனுஷி.

குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. உத்தரவு ரத்தானது. சஸ்பெண்ட் ஆன நாட்களுக்கு முழுச் சம்பளமும் வந்தது. ரேவதி அதோடு நிற்கவில்லை. ஸ்விட்ச் பெட்டிக்குப் பூட்டு வேண்டும், சாவி லைனில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வர மாட்டேன் என்று சொல்லி அனுப்பினாள். அன்வர் சார் கேட்டுவிட்டுக் கொஞ்சம் சிரித்தார். "ஜாஸ்திதான் கேக்குது" என்றார். பூட்டு வந்தது. நான் கேட்டிருந்த சிவப்பு விளக்குகளும் வந்தன. பிரபாகர் அங்கேயே தொடர்ந்தார். அதற்குப் பிறகு ஆள் ஆளாக நடந்துபோய் மேசையைத் தட்டிக் கூப்பிடக் கற்றுக்கொண்டார். அவருடைய சைகைப் பெயர் மட்டும் மாறவில்லை. அங்கே பெயர் மாற்ற மனு கொடுக்கும் வழக்கம் கிடையாது.

இவ்வளவையும் தினேஷிடம் சொல்லி முடித்தபோது அவர் மடிக்கணினித் திரை இருண்டிருந்தது.

"ஆனா மேடம், தனி லைனுன்னா ஒதுக்கற மாதிரிதான தெரியுது?"

"லைனுக்கு ஒருத்தியா உக்கார வெச்சமே, அதுதான் ஒதுக்கினது. இப்ப நீங்க செய்யப்போறது அதேதான். நாளைக்கு எட்டாம் லைன்ல தனியா உக்காந்திருக்கறவ லைட்டு அணைஞ்சா யாரப் பாப்பா?"

அவர் மடிக்கணினியை மூடிவிட்டு, "நான் சேர்ந்து ஆறு மாசமாச்சு. எனக்கு இன்னும் அவங்க பேரு வைக்கல" என்றார். அதை அவர் என்னிடம் சொல்ல நினைத்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

"ரேவதிதான் இப்ப லைன் சூப்பர்வைசர். போய் ஒரு நாள் அந்த லைன்ல உக்காருங்க. அப்புறம் ஸ்லைடு போடுங்க."

தண்ணீர் டம்ளரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அப்போது சத்துவாச்சாரியில் வழக்கம் போல மின்சாரம் போய், உடனே வந்தது. விளக்கு அணைந்து எரிந்தது.

நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு நான் பாதி எழுந்திருந்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும், என் வீட்டுக் கூடத்திலேயே. தலை தானாக அவர் பக்கம் திரும்பியது.

தினேஷும் பாதி எழுந்திருந்தார். டம்ளரிலிருந்து தண்ணீர் தளும்பி அவர் கால்சட்டையில் கொட்டியிருந்தது. எதற்காக எழுந்தோம் என்று அவருக்குத் தெரியவில்லை; நான் எழுந்ததைப் பார்த்தார், எழுந்துவிட்டார்.

"ஒண்ணுமில்ல. உக்காருங்க" என்றேன்.

நான் உட்காரும்வரை அவர் உட்காரவில்லை.